கரடித் தாய்மையின் காலக்கணக்கு

பாலூட்டி விலங்குகளின் பிறப்பை ஆராயப் புகுவோர் முதற்கண் ஒரு நெறியைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். தாய் எந்நாளில் கருவுற்றது என்பதைக் காட்டிலும், அது ஈன்ற குட்டி எந்நாளில் தன் கால்களால் நடந்து இரை தேடத் தொடங்குகிறது என்பதே ஓர் இனத்தின் வாழ்வையும் தாழ்வையும் முடிவுசெய்கிறது. புணர்ச்சி, கருவளர்ச்சி, ஈற்று, பாலூட்டல், பயிற்றல் என்னும் ஐந்து நிலைகளும் அந்த ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வகுத்தாற்போல அமைந்துள்ளன. இவ்வைந்தும் அடங்கிய முழு நீட்சியைத் தாய்மைக்காலம் என்று வழங்குவோம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றில் தோன்றி வாழும் விலங்கு முதலானவற்றைக் கருப்பொருள் என அவற்றின் பின் நிறுத்திற்று. செய்யுளுக்கு வகுத்த இலக்கணமே எனினும், அம்முறை உயிரியலுக்கும் முற்றப் பொருந்துவது. தாய்மைக்காலத்தின் நீளத்தையும் அதன் உட்பிரிவுகளையும் அறுதியிடுவன நிலமும் பொழுதுமே. விலங்கு அவ்விரண்டின் வழிநின்று தன் உடலை ஒழுங்குபடுத்திக் கொள்கிறது.

இவ்வுண்மையைக் கரடிக்குடியைப் போல விளங்கக் காட்டும் விலங்குக்குடிகள் மிகச் சிலவே. அரையாண்டு பனி மூடிக் கிடக்கும் வடநிலத்திலும், பனியென்பதையே அறியாத நடுக்கோட்டு மழைக்காட்டிலும், ஒரே குடியைச் சார்ந்த தாய்கள் ஏறத்தாழ ஒரே வடிவினவாகிய குட்டிகளை ஈன்று வளர்க்கின்றன. வட அமெரிக்கப் பனிமலைகளில் வாழ்வது நரைமயிர்க் கரடி; மேலையர் அதனைக் கிரிசுலி என்பர். மலேசியக் காடுகளில் வாழ்வது நாளிதழ்கள் சூரியக்கரடி என எழுதும் சிறுகரடி. அதனை இங்குக் கதிர்க்கரடி எனக் குறிப்போம். இவ்விரண்டையும் ஒப்புநோக்கி ஆராய்வதற்குப் பினாங்கு மாநிலத்தார்க்குத் தனியுரிமையே உண்டு. அது யாங்ஙனம் என்பது பின்னர் விளங்கும்.

இன்று உலகில் எஞ்சியுள்ள கரடியினங்கள் எட்டு. அவை மூன்று கிளைகளாகப் பிரியும். சீன மூங்கிற்காடுகளின் பெரும்பாண்டா தனித்து ஒரு கிளை; தென்னமெரிக்க ஆண்டிசு மலைகளின் கண்ணாடிக் கரடி மற்றொரு கிளை; எஞ்சிய ஆறும் மூன்றாம் கிளை. பழுப்புக் கரடி, பனிக்கரடி, அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, தமிழகத்திலும் ஈழத்திலும் வாழும் தேன்கரடி, கதிர்க்கரடி என்பன அந்த ஆறு. இவற்றுள் தேன்கரடியே நம் முன்னோர் எண்கு என அழைத்தது. அது கறையான் புற்றை அகழ்ந்து உண்பதைச் சங்கப் புலவர் கூர்ந்து கண்டு பாடியுள்ளனர். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் வழக்கம் எட்டினங்களுள்ளும் அதற்கே சிறப்பாக உரியது. நரைமயிர்க் கரடி பழுப்புக் கரடியின் ஓர் உட்கிளை. உள்நாட்டு மலைகளில் வாழும் பெண் பெரும்பாலும் 130 முதல் 180 கிலோ எடையுள்ளது. கதிர்க்கரடியோ கரடிகள் அனைத்திலும் சிறியது. 25 முதல் 65 கிலோ எடையுள்ளது. கரிய குறுமயிரும், மார்பில் பிறை போலவோ வட்டமாகவோ மஞ்சள் படிந்த குறியும், 20 முதல் 25 செண்டிமீட்டர் வரை நீளும் நாவும் உடையது. வடகிழக்கு இந்தியா தொட்டுச் சுமத்திரா, போர்னியோ வரையுள்ள காடுகள் அதன் வாழ்நிலம்.

கதிர்க்கரடியை அறிவியல் முறைப்படி முதலில் விளக்கி எழுதியவர் தாமசு சுடாம்போர்டு இராபிள்சு. 1805-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலராகப் பினாங்கில் வந்திறங்கிய அவர், பின்னாளில் சுமத்திராவின் பெங்கூலனை ஆண்டபோது அத்தீவின் விலங்குகளைத் தொகுத்து, 1821-இல் இவ்வினத்துக்கு மலாயாவின் பெயரையே இட்டு அறிவித்தார். அவருடைய குறிப்பில் ஒரு குட்டி இடம்பெறுகிறது. அது அவருடைய குழந்தைகளோடு ஒரே அறையில் வளர்ந்தது. உணவு மேசைக்கு வந்து மங்குசுத்தான் பழத்தை விரும்பி உண்டது. மலாயக் கரடியைப் பற்றி மேலை அறிவுலகம் பெற்ற முதற் சித்திரமே இங்ஙனம் தாயை இழந்த ஒரு குட்டியின் சித்திரமாக அமைந்தது. அக்குட்டி காட்டில் தன் தாயோடு எவ்வாறு வாழ்ந்திருக்கும் என்னும் வினாவை முறையாகத் தொடுக்க அதன்பின் ஏறத்தாழ 180 ஆண்டுகள் சென்றன.

முதலில் வடநிலத் தாயைக் காண்போம். அதன் ஒழுங்கு கடுமையானது, ஆதலின் எளிதில் விளங்குவது.

நரைமயிர்க் கரடிகள் மே தொடங்கிச் சூலை வரை கூடுகின்றன. கருவுற்ற முட்டை சிலமுறை பிளவுற்று, உள்ளே வெறுமையுடைய ஒரு நுண்ணிய உருண்டையாகிறது. இதனைக் கருக்கோளம் எனலாம். பிற பாலூட்டிகள் பலவற்றில் கருக்கோளம் சின்னாளில் கருப்பையின் உட்சுவரில் ஊன்றி வளரத் தொடங்கும். கரடியிலோ அது ஊன்றாது மிதந்தவாறே ஐந்து திங்கள் அளவும் வளர்ச்சியின்றிக் காத்திருக்கிறது. இந்நிகழ்ச்சியைத் தாழ்கருவூன்றல் என்று கூறுவோம். கரு ஊன்றுதல் தாழ்க்கப்படுகிறது ஆதலின் அது காரணப்பெயர். நவம்பர் அளவில், தாய் வளையுள் புகும் நேரத்தில், கருக்கோளம் ஊன்றுகிறது. அதன்பின் உண்மையான கருவளர்ச்சி ஏறத்தாழ இரு திங்களே. சனவரியிலோ பிப்ரவரியிலோ, வெளியே பனி உறைந்து கிடக்கையில், வளையின் இருளில் ஈற்று நிகழ்கிறது.

இத்தாழ்ப்பின் பயன் யாது? கூடும் பருவம் கோடையின் தொடக்கம். அப்போது தாயின் உடலில் கொழுப்பு இல்லை, வரும் இலையுதிர்காலம் வளமுடையதாகுமா என்பதும் தெரியாது. வடநிலக் கரடி ஆகசுட்டு தொடங்கி இலையுதிர்காலம் முடிய இடையறாது உண்ணும் மிகையூண் காலம் ஒன்றுண்டு. வெண்பட்டைப் பைன் மரத்தின் விதை, காட்டுக் கனி, மீன், மான் என எது கிடைப்பினும் உண்டு உடலைத் திரட்டும். எல்லோசுட்டோன் சூழ்ந்த உயர்மலைகளில், சமவெளியினின்று பூந்தேன் நாடி மேலேறி வந்து பாறைச் சரிவின் கற்களுக்கிடையே பகலில் ஒடுங்கும் அந்துப்பூச்சிகளை ஒரே நாளில் 40,000 வரை ஒரு கரடி உண்ணக்கூடும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். அத்துணைப் பெரிய விலங்கு அத்துணைச் சிறிய பூச்சியால் கொழுக்கிறது என்பது, எடையை நோக்காது கொழுப்பின் செறிவை நோக்கின் வியப்பன்று; அப்பூச்சியின் உடலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கொழுப்பே. இவ்வாறு திரண்ட கொழுப்பே கருவின் விதியை முடிவுசெய்கிறது. வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் கரடி ஆய்வு நிலையத்தார் வளர்ப்புக் கரடிகளிடம் அளந்தறிந்தபடி, துயில் புகும்போது உடலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான கொழுப்புடைய பெண் குட்டி ஈனவில்லை. கொழுப்பு மிக்க தாயோ முன்னரே ஈன்றது, அதன் குட்டிகளும் விரைந்து வளர்ந்தன. ஆகவே தாழ்கருவூன்றல் என்பது, தாயின் உடல் இயற்கையிடம் கோடைக்காலம் முழுதும் கேட்டு, இலையுதிர்காலத்தின் இறுதியில் விடை பெறும் ஒரு முறை. நிலம் விளைந்ததாயின் கரு ஊன்றும். பொய்த்ததாயின் கருக்கோளம் கரைந்துபோகும். தாய் உயிர் தப்பி மறு ஆண்டு மீண்டும் முயலும்.

வளையுள் நிகழ்வது இதனினும் ஒழுங்குடையது. குளிர்துயிலில் கரடி ஐந்து முதல் ஏழு திங்கள் வரை உண்பதில்லை, பருகுவதில்லை, கழிப்பதுமில்லை. நெஞ்சத் துடிப்பு ஒரு மணித்துளிக்கு 20-க்கும் கீழே தாழும். எனினும் உடல் வெப்பம் சில பாகைகளே குறையும். தரையணில் போன்ற சிறுவிலங்குகளின் துயிலில் உடல் குளிர்ந்துவிடுவது போல் இங்கு நிகழ்வதில்லை. அவ்வாறு குளிர்ந்திருப்பின் அந்த உடலில் கரு வளரவும் பால் சுரக்கவும் இயலாது. சிறுநீரில் கழியவேண்டிய கழிவு, குடலின் நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டு மீண்டும் புரதம் ஆகிறது; ஆதலின் அத்தனை திங்கள் அசைவின்றிக் கிடந்தும் தசை பெரிதும் தேய்வதில்லை, எலும்பும் நலிவதில்லை. கோடையில் நிரப்பிய பத்தாயத்திலிருந்து குளிர்காலம் முழுதும் அளந்து எடுத்து உண்ணும் உழவர் குடும்பம்போல, தாய் தன் கொழுப்பிலிருந்து தனக்கும் குட்டிக்கும் பங்கிடுகிறது.

பிறந்த குட்டி அரைக்கிலோ அளவினது, கண் திறவாதது, மயிர் மிக மெல்லியது. தாயின் எடையில் முந்நூற்றில் ஒரு பங்கே அது. மாந்தக் குழவி தாயின் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேறுபாட்டின் அளவு தெளிவாகும். இதற்கு அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று செவ்வியது. கருப்பையில் உள்ள கரு, தாயின் குருதிவழி வரும் குளுக்கோசைக் கொண்டே வளர்கிறது. கொழுப்பை நேரே எரிக்கும் திறன் அதற்குப் போதாது. உண்ணா நோன்பில் இருக்கும் தாயிடம் கொழுப்பு மிகுதி, குளுக்கோசு அருமை. கருவுக்காகக் குளுக்கோசு ஆக்க வேண்டின் தன் தசைப் புரதத்தையே சிதைத்தல் வேண்டும். ஆகவே கருவை முன்கூட்டியே ஈன்று, கருப்பைக்கு வெளியே கொழுப்பு நிறைந்த பாலாக ஊட்டுவதே சிக்கனமான வழி. கரடிப்பால் பசுவின் பாலைவிடப் பன்மடங்கு கொழுப்புடையது என்பது இவ்விளக்கத்தோடு இயைகிறது. ஏப்பிரலிலோ மேயிலோ வளையை விட்டு வெளிவரும்போது குட்டிகள் பல கிலோ எடையுடன் தாயின் அடியொற்றி நடக்கும் திறம் பெற்றிருக்கும். தொடக்கத்தில் நாம் கூறிய அந்த நாள் இதுவே. பனி உருகி இளம்புல் தளிர்க்கும் வாரத்தில் குட்டி வெளியே நிற்க வேண்டும் என்பதற்காக, முந்தைய ஆண்டின் கோடையிலிருந்தே ஒவ்வொரு படியும் எண்ணி வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் தாய்மைக்காலம் அங்கு முடிவதில்லை. குட்டிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்றோ மூன்றோ ஆதலும் உண்டு, நான்கு அருமை. அவை தாயோடு இரண்டரை ஆண்டு அளவும் வாழ்ந்து, எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு, எந்த ஓடையில் எந்தத் திங்களில் மீன், எந்த மணம் வரின் விலகி ஓடவேண்டும் என்பவற்றைக் கண்டறிகின்றன. ஆண்கரடிகள் குட்டிகளைக் கொல்வதுண்டு ஆதலின், ஆண்கள் நடமாடும் வளமான இடங்களைத் தாய் பலகாலும் ஒதுக்கிவிட்டு மெலிந்த நிலத்திலேயே மேய்கிறது. ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே மூன்றாண்டு செல்கிறது. இத்தகைய செய்திகளை நாம் அறிவதற்கு வழிகோலியவர்கள் கிரெய்கெடு உடன்பிறப்பினர். 1959-இல் எல்லோசுட்டோனில் ஆய்வைத் தொடங்கி, 1961-இல் ஒரு நரைமயிர்க் கரடியின் கழுத்தில் முதன்முதலாக வானலைப் பட்டை பூட்டி, அது செல்லும் வழியைத் தொலைவினின்றே பின்தொடர்ந்தனர்.

இனி நம் நிலத்துக்கு வருவோம்.

பினாங்குத் தீவின் குன்றுகள் 2021-இல் யுனெசுகோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. சார்ச்சு டவுன் தமிழர் தண்ணீர்மலை என வழங்கும் முருகன் குன்றும், 1884-இல் அமைந்த பூங்காவும் அக்குன்றுகளின் அடியிலேயே உள்ளன. எனினும் கதிர்க்கரடிக்கு வேண்டுவது அதனினும் பரந்த காடு. கடலிடுக்கைக் கடந்து கெடாவின் உலு மூடாவிலும், பேராவின் பெலும், தெமெங்கோர் காடுகளிலும் அது வாழ்கிறது. தானியங்கிப் படக்கருவிகள் அதனை அங்குப் பலகாலும் பதிந்துள்ளன.

இக்காடுகளில் குளிர்காலம் இல்லை. ஆகவே குளிர்துயில் இல்லை. குட்டி வெளிவர வேண்டிய ஒரே நாள் என்பதும் இல்லை. ஆகவே ஈற்றுக்குத் தனித் திங்களும் இல்லை. விலங்குக் காட்சியகங்களின் பதிவுகளின்படிக் கதிர்க்கரடி ஆண்டின் எத்திங்களிலும் ஈனுகிறது. சூல்காலம் 95 நாள் அளவினது எனச் சில பதிவுகள் காட்ட, வேறு சில 200 நாளையும் கடக்கின்றன. இத்துணை வேறுபாட்டுக்குத் தாழ்கருவூன்றலே கரணியம் என்பது பொருந்தும் விளக்கம். குளிரற்ற நாட்டிலும் அத்திறன் உடலில் உறங்கிக் கிடக்கிறது போலும். வடநிலக் கரடிகளோடு ஒரே கிளையில் தோன்றிய விலங்கு முன்னோர் வழிவந்த அவ்வியல்பை இழந்துவிடவில்லை. குட்டியின் அளவும் அதையே கூறுகிறது. பெரும்பாலும் ஒன்றே பிறக்கும். எடை ஏறத்தாழ 300 கிராம். தாயின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தாய் நோன்பிருக்கவில்லை, குளுக்கோசுக்குக் குறைவில்லை, எனினும் குட்டி சிறிதாகவே பிறக்கிறது. மேலே கூறிய செவ்விய விளக்கத்துக்கு இது ஒரு தடை. மரபின் எச்சம் என்பார் ஒரு சாரார். பாலில் வளர்வது கருப்பையில் வளர்வதினும் எவ்விடத்தும் எளிது என்பார் மற்றொரு சாரார். இவற்றுள் முன்னதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எட்டினங்களும் நிலத்தால் இத்துணை வேறுபட்டும் இவ்வொன்றில் மட்டும் ஒத்திருத்தலே அதற்குச் சான்று.

ஒழுங்கற்ற பொழுதில் வாழும் தாய்க்கு, நிலத்தைப் பற்றிய அறிவே ஒழுங்கு. கதிர்க்கரடி உண்பன கறையான், எறும்பு, வண்டின் புழு, கொடுக்கில்லாச் சிறுதேனீயின் அடையும் தேனும், அத்தி முதலான கனிகள். கெலுலுட் என மலாயர் வழங்கும் அச்சிறுதேனீயின் கூடு உயிருள்ள மரத்தின் வயிற்றுக்குள் அமைந்திருக்கும். வளைந்த நகங்களாலும் வலிய கோரைப்பற்களாலும் மரத்தைப் பிளந்து, நீண்ட நாவை உள்ளே செலுத்தித் தேனை வழிக்கும் திறன், தாயின் அருகிருந்து பன்முறை கண்டு கைவரப்பெறுவது. இங்ஙனம் பிளந்த பொந்துகள் பின்னர்ப் பறவைகளுக்கும் சிறுவிலங்குகளுக்கும் குடியிருப்பாகின்றன. உண்ட கனியின் விதைகள் தொலைவில் விழுந்து முளைக்கின்றன. தாய் தன் குட்டியை மார்போடு அணைத்துப் பின்னங்கால்களால் நடந்து செல்லக் கண்டோர் உண்டு. கரடிகளிடம் அது அரிய செயல்.

ஆயின் நடுக்கோட்டுக் காட்டிலும் பஞ்சம் உண்டு. மலேசியக் காடுகளின் பெருமரங்கள் பெரும்பாலும் இருசிறகிக் குடியைச் சார்ந்தவை. இவையும் இவற்றோடு பிற மரங்களும் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் வாளாவிருந்து, பின் ஒரே காலத்தில் காடு முழுதும் பூத்துக் காய்க்கின்றன. இதனை ஒருங்குகாய்ப்பு என்போம். அமைதிப் பெருங்கடலின் வெப்பநிலை மாற்றத்தால் வரும் வறட்சி அதற்குத் தூண்டுதலாகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் காடு பசுமையாகவே நிற்கும். உண்ணத்தக்க கனியோ அருகிவிடும். வடநிலத் தாய்க்குப் பஞ்சம் ஆண்டுதோறும் குறித்த திங்களில் வருகிறது, ஆதலின் உடல் அதற்குத் துயிலை வகுத்துக்கொண்டது. நம் தாய்க்குப் பஞ்சம் எப்போது வரும் என்பது குறிக்கப்படாதது. ஆதலின் துயிலால் அதனைக் கடக்க இயலாது. பரந்த நிலத்தில் அலைந்து கறையானையும் அத்தியையும் நாடியே கடத்தல் வேண்டும். காடு துண்டுபட்டால் இவ்வொரு வழியும் அடைபடும்.

இவ்வுண்மையை நேரிற் கண்டு எழுதியவர் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாசத்தில் பிறந்த வோங் சியூ தே. தைவானில் பயின்றபின் அமெரிக்காவின் மோன்டானா பல்கலைக்கழகம் சென்ற அவருக்கு ஆசானாக வாய்த்தவர் கிறித்தோபர் செர்வீன்; நரைமயிர்க் கரடியை அழிவினின்று மீட்கும் அமெரிக்க அரசுப் பணிக்கு 1981 முதல் 2016 வரை தலைமை ஏற்றவர். கரடிகளின் கழுத்தில் பட்டை பூட்டித் தொடரும் கலை, கிரெய்கெடு உடன்பிறப்பினர் தொடங்கிய மலைநிலத்திலிருந்து, இந்த ஆசானும் மாணவரும் வழியாகப் போர்னியோவின் மழைக்காட்டை அடைந்தது. பினாங்கு மாநிலத்தார்க்கு உரிமை உண்டு என்று முன்னர்க் கூறியது இதனாலேயே; இரு கரடிகளையும் ஓர் அறிவுமரபில் இணைத்த பாலம் இம்மாநிலத்து மண்ணில் பிறந்தவர்.

1999 முதல் சபாவின் உலு செகாமா காப்புக்காட்டில் வோங் ஆறு கரடிகளைப் பிடித்துப் பட்டை பூட்டித் தொடர்ந்தார். ஆண்கரடி ஒன்றின் உலவுபரப்பு ஏறத்தாழ 15 சதுரக் கிலோமீட்டர் எனவும், அவை படுக்கும் இடம் பெரும்பாலும் விழுந்து உட்குடைவான பெருமரத்தின் வயிறு எனவும் அவ்வாய்வு காட்டிற்று. வெட்டிய மரத்தை மட்டுமன்றி விழுந்த மரத்தையும் அகற்றிவிடும் காட்டில் கரடி எங்குப் படுக்கும், தாய் எங்கு ஈனும் என்னும் வினா இதிலிருந்து எழுகிறது. 1999-இன் பிற்பகுதியிலும் 2000-லும் அங்குக் கனி பொய்த்தது. பிடிபட்ட கரடிகளும் தாடிப்பன்றிகளும் எலும்பு தெரிய மெலிந்திருந்தன. பட்டை பூண்ட கரடிகளுள் இரண்டு பின்னர் மாண்டு கிடந்தன. பசுமையின் நடுவே பட்டினியால் சாதல் என்னும் இச்செய்தி, மழைக்காடு என்றும் குன்றாத வளமுடையது என்று நம்பியிருந்தோரைத் திருத்தியது.

2008-இல் அவர் சபாவின் செப்பிலோக்கில் போர்னியோ கதிர்க்கரடிக் காப்பு நிலையத்தை நிறுவினார். 2014 முதல் பொதுமக்கள் அதனைக் காணலாம். அங்கு வந்து சேர்வன பெரும்பாலும் தாயை இழந்த குட்டிகள். வளர்ப்பு விலங்காக வீட்டுக் கூண்டில் அடைபட்டிருந்தவையும் அவற்றுள் பல. அங்குள்ள பேணுநர் குட்டியைக் காட்டுக்குள் நடத்திச் செல்கின்றனர், புற்றருகே நிறுத்துகின்றனர், மரமேற விடுகின்றனர், அவை தாமே கிளறிக் கண்டறியும்வரை காத்திருக்கின்றனர். தாய் ஓராண்டிலும் ஈராண்டிலும் இயல்பாகக் கற்பிப்பதை மாந்தர் பல ஆண்டு உழைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. நாத்தலி என்று பெயரிட்டு அங்கு வளர்த்த பெண்கரடி 2015-இல் தாபின் காட்டுயிர்க் காப்பகத்தில் விடப்பட்டது. அந்நிலையத்திலிருந்து காடு திரும்பிய முதற்கரடி அதுவே. அதே நிலையத்துக் கரடிகளின் விளையாட்டை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஒரு கரடி வாய் திறந்து காட்டும் முகக்குறியை எதிர்நிற்கும் கரடி நொடிப்பொழுதில் நுணுக்கமாக ஒத்துக் காட்டுகிறது என நிறுவியது. கூட்டமாக வாழும் மாந்தரிடமும் கொரில்லாக்களிடமுமே உண்டு எனக் கருதப்பட்ட இத்திறன், தனித்து வாழும் கரடியிடம் இருப்பது எவ்வாறு? வளர்ந்த கரடி தனித்து வாழலாம். ஆனால் ஒவ்வொரு கரடியும் தன் முதல் ஆண்டுகளைத் தாயின் முகத்தை நோக்கியே கழித்தது. அத்திறனின் வித்து அங்கேயே ஊன்றப்பட்டிருக்கும் என்று நான் கருதுகிறேன்.

தாழ்கருவூன்றல், கருக்கோளம், மிகையூண், குளிர்துயில், ஒருங்குகாய்ப்பு என்னும் சொற்களை இக்கட்டுரையில் தயக்கமின்றி ஆண்டேன். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பயிலும் சிறார் அறிவியலைத் தமிழில் கற்கக்கூடியவர்கள். கருத்து விளங்கினால் அவர்களுக்குச் சொல் தடையாகாது; தம் மாநிலத்தார் ஒருவர் காட்டில் கண்டறிந்த உண்மையைத் தம் மொழியில் அவர்கள் படிக்க வேண்டும்.

இனி எண்ணிக்கையைச் சிறிது நோக்குவோம். அலாசுக்காவுக்குத் தெற்கே, அமெரிக்க ஒன்றியத்தில் ஒருகாலத்து 50,000 அளவில் வாழ்ந்த நரைமயிர்க் கரடி, 1975-இல் அரசின் சட்டக்காப்பில் வைக்கப்பட்டபோது ஆயிரத்துக்கும் குறைந்திருந்தது. அரைநூற்றாண்டு காத்தபின் அது ஏறத்தாழ 2,000. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஈனும் உடல் அதற்குமேல் விரைய இயலாது. 1996-இல் பிறந்து 399 என்னும் எண்ணால் உலகறிந்த தாய்க்கரடி, 2020-இல் நான்கு குட்டிகளுடனும், 2023-இல் தன் 27-ஆம் அகவையில் ஒரு குட்டியுடனும் வளையை விட்டு வெளிவந்தது. 2024 அக்டோபரில் வயோமிங்கின் நெடுஞ்சாலையில் வண்டி மோதி அது இறந்தது. அத்தகைய ஒரு தாயின் இழப்பை ஈடுசெய்ய எத்தனை இளந்தாய்கள் எத்தனை ஆண்டு ஈனவேண்டும் என்பதை மேற்கூறிய கணக்கு கொண்டே உணரலாம். ஈற்றுக்கு ஒரு குட்டியே தரும் கதிர்க்கரடியின் கணக்கு அதனினும் நெருக்கடியானது. காட்டில் குட்டியைப் பிடிப்போர் தாயைக் கொன்றே பிடிக்கின்றனர். பன்றிக்கும் மானுக்கும் வைத்த கம்பிக் கண்ணி தாயின் காலையும் அறுக்கிறது. பித்தநீருக்காகவும் பாதங்களுக்காகவும் நடக்கும் வேட்டையும் ஓயவில்லை. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுக் காட்டுயிர்க் காப்புச் சட்டம் இவ்வினத்தை முழுக்காப்புப் பட்டியலில் வைத்ததோடு, முழுக்காப்பு விலங்கின் பெண்ணையும் குட்டியையும் வேட்டையாடுதலைத் தனித்தனிப் பிரிவுகளில் நிறுத்தி மிகுதண்டம் விதிக்கிறது. தாய்மைக்காலத்தின் அருமையைச் சட்டம் வகுத்தோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இஃது ஒன்றே போதும். அதனை நடைமுறையில் நிறுத்துவதே எஞ்சியது.

சட்டத்தோடு நிலமும் வேண்டும். உலு மூடாக் காட்டில் ஊறும் நீரே மூடா ஆறாகி, பினாங்கு மாநிலம் பருகும் நீரில் பெரும்பங்காகிறது. அக்காட்டில் கரடி பிளந்த மரப்பொந்தும், அது விதைத்த அத்தியும், அவ்வத்தியின் வேர் பற்றிய மண்ணும் அந்நீரின் வழியில் உள்ளன. மலேசியத் தீவக்குறையின் காடுகளை வடக்கும் தெற்கும் இணைத்து ஒரு முதுகெலும்புபோல் பேணும் திட்டம் அரசிடம் உண்டு. அதன் ஒரு பகுதியாகப் பேராவின் கிரிக் அருகே, பெலும் காட்டையும் தெமெங்கோர் காட்டையும் பிரிக்கும் கிழக்குமேற்கு நெடுஞ்சாலையில், வண்டிகள் மேலே செல்ல விலங்குகள் கீழே கடக்கும்படி உயர்பாலம் ஒன்றைக் கட்டியுள்ளனர். பஞ்சம் வந்த ஆண்டில் குட்டியோடு நெடுந்தொலைவு அலையவேண்டிய தாய்க்கு இத்தகைய கடவுகள் எத்தனை வேண்டும், எவ்விடங்களில் வேண்டும் என்பதைப் பெண்கரடிகளின் உலவுபரப்பை அளந்தே முடிவுசெய்ய இயலும். வோங் பட்டை பூட்டித் தொடர்ந்தவற்றுள் பெரும்பாலன ஆண்கள். குட்டியுடைய தாயைத் தொடரும் ஆய்வே அடுத்த பணி, அதைப் பினாங்குக்கு நீர் தரும் உலு மூடாவிலேயே தொடங்கலாம்.